பவுடர் போடாத நெற்றி

என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களிலேயே அழகானது என்னை நானே எடுத்துக்கொண்டது. அதனால்தான் என் பாராட்டு விழாவில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

போன மாதம் புகைப்படக்காரர் சங்கத்தில் எனக்கு ஓய்வு விழா வைத்தார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்க ஒரு படம் கேட்டார்கள். காலம் முழுக்க அடுத்தவர் முகத்தைத் தேற்றியே பிழைத்தவன், என் முகத்துக்கு மட்டும் கஞ்சத்தனம் எதற்கு என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டேன். வழுக்கையில் வெளிச்சம் விழாதபடி லைட்டை இறக்கினேன். பின்னால் கறுப்புத் துணி கட்டி, தலை எங்கே முடிகிறது என்பதை இருட்டின் பொறுப்பில் விட்டேன். மடியில் தெர்மாகோல் அட்டையை வைத்து, வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பித் தாடையின் தொங்கலை மறைத்தேன். கோட்டுப் போட்டேன். வந்த படத்தைப் பார்த்து எனக்கே மரியாதை தோன்றியது.

விழாவன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மண்டபத்துக்காரர் வந்து, "அண்ணே, இது விழா நாயகருக்கு. நீங்க செத்தப் பின்னாடி தள்ளி உக்காருங்க" என்றார். நான் ஃப்ளெக்ஸைக் காட்டி, அது நான்தான் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகுந்த அனுதாபத்தோடு கேட்டார்: "அவருக்கு அண்ணனா நீங்க?"

இந்த லட்சணத்தில் இருப்பவனிடம்தான், தொழில்முறைப் படம் எடுப்பதைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி சங்கத்து இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது எல்லோருக்கும் இப்படி ஒரு படம் தேவைப்படுகிறது. ஆஸ்பத்திரிப் பலகைக்கு டாக்டர் படம், டியூஷன் சென்டர் ஃப்ளெக்ஸுக்கு வாத்தியார் படம், வேலை தேடுகிறவர்களுக்கு இணையத்தில் போட ஒரு படம். கைபேசியே மருவை அழித்து, கன்னத்தை இழைத்துக் கொடுத்துவிடுகிறது. அப்படியிருந்தும் ஏன் சார் சரியாக வரமாட்டேன் என்கிறது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதில் பெரும்பாலானது என் முதலாளியின் பழக்கம். மீதி, ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் எனக்குக் கொடுத்த கஷ்டம்.

முதலாளி சவரிமுத்து சார். திண்டுக்கல் ரத வீதிப் பக்கம் ஸ்டூடியோ. பொருளாதாரப் பட்டம் என்னை ஏற்றுக்கொள்ளாது என்று உறுதியான பிறகு அங்கே போய்ச் சேர்ந்தேன். நாலைந்து வருஷம் லைட்டுக்குக் குடை பிடித்தேன், துணி மடித்தேன், வாடகை நூலகத்தில் எடுத்த நாவல்களை இருட்டறையின் சிவப்பு விளக்கில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

சார் அதிகம் பேசமாட்டார். ஆள் உள்ளே வந்ததும் கேமரா பக்கம் போகவும் மாட்டார். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பவுடர் டப்பாவும், யாரும் சுட்டுக்கொண்டு போகாமலிருக்க நூலில் கட்டிய சீப்பும் இருக்கும். வந்தவர் தலை வாரும்போது சார் தூர நின்று, எதையோ தேடுகிற பாவனையில் கவனிப்பார். தன் முகத்தில் எந்தப் பக்கத்தை ஒருவர் நம்புகிறார் என்பது தலை வாரும்போது தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கம் பார்த்து ஸ்டூலைத் திருப்பிப் போடுவார். அகலமான முகமென்றால் கேமராவுக்குத் தூரத்துக் கன்னத்தில் வெளிச்சம், ஒடுங்கிய முகமென்றால் கிட்டத்துக் கன்னத்தில். கண்ணாடி போட்டவர்களுக்குக் காதுப் பக்கம் கம்பியை ஒரு நூல் தூக்கிவிடுவார். பளபளப்பு கீழே இறங்கிவிடும். இரட்டைத் தாடைக்காரரிடம், "முகத்த மட்டும் செத்த முன்னாடி குடுங்க, அடுத்த வீட்டுச் சண்டைய ஒட்டுக்கேக்குற மாதிரி" என்பார். எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்ததால் உடனே வரும்.

சிரிக்கச் சொல்லவே மாட்டார். எல்லாம் தயாரானதும், "சாப்டாச்சா?" என்று கேட்பார். அந்த ஆள் பதில் சொல்லிவிட்டு வாயை மூடுவார் இல்லையா, அந்த நொடியில் பொத்தானை அழுத்துவார். ஒருவர் உண்மையைச் சொல்லி முடித்த முகம் அது. கலெக்டர் ஆபீஸ்காரரானாலும் கறிக்கடைக்காரரானாலும் அதே கேள்விதான்.

சாருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, லைட்டைப் போடுவதற்கு முன் கேட்டாக வேண்டிய கேள்வி: இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒருமுறை வேடசந்தூர்ப் பக்கத்து மில்லிலிருந்து ஒருவர், ஷிப்டு முடிந்து புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தார். சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். சார் கேமராவை அவர் கண்ணுக்குச் சற்று மேலே ஏற்றிவைத்து எடுத்தார். முதலாளி பார்க்கிற படத்தில் ஆள் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கவேண்டும். வேலை கிடைத்து அதே ஆள் மில் பலகைக்குப் படம் எடுக்க வந்தபோது, சார் கேமராவைச் சற்று இறக்கினார். இனிமேல் பார்க்கப்போவது தொழிலாளர்கள். இரண்டுக்கும் ஒரே கோட்டு. ஸ்டூடியோவில் இருந்ததே அந்த ஒரு கோட்டுதான். முதுகில் துணி மாட்டுகிற கிளிப்பைப் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம். திண்டுக்கல்லின் பாதி இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் அந்தக் கோட்டுக்குள்ளிருந்துதான் வெளியே வந்தார்கள்.

இரண்டாவது சட்டம் பவுடர். "நெத்தியில வெளிச்சம் பல்லக் காட்டக் கூடாது" என்பார். நம் வெயிலுக்கு நெற்றி எண்ணெய்ச் சட்டி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு படத்தில் வெள்ளைத் திட்டாக விழுந்துவிட்டால் அங்கே தோலும் இல்லை, நிறமும் இல்லை, ஒன்றுமே இல்லை. திட்டு விழுந்த படம் ஒன்றை நான் கழுவிக்கொண்டு போனபோது, சார் என்னைத் திட்டவில்லை. பவுடர் பஞ்சை எடுத்து என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு என் கையில் ஒரு நெற்றியும் மின்னியதில்லை. ஒன்றைத் தவிர.

சார் கண் மங்கி வீட்டோடு இருந்துவிட்ட பிறகு ஸ்டூடியோவை நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் மரகதவல்லி டீச்சர் வந்தார். வடமதுரைக்காரர். தனியார் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்துகிறார். அதைவிட அவரை ஊருக்குத் தெரிவது பட்டிமன்றத்தில். பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கோயில் விழா நோட்டீஸ்களில் அவர் படம் இல்லாமல் இருக்காது. அந்தப் படம் நான் எடுத்ததுதான்: தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய குங்குமம், எதிரணியை ஒரு கை பார்க்கிற பார்வை. எங்கே பேசப் போனாலும் அவர் கணவர்தான் வண்டியில் கூட்டிப்போவார். கூட்டத்தில் கடைசியில் நின்று கேட்பார். படம் எடுக்க வந்தபோதுகூட வாசலில் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஐப்பசியில் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

டீச்சர் இந்த முறை கொழுந்தன் ராசுவோடு வந்தார். ராசு பூ விவசாயம் செய்கிறவர். ஸ்டூடியோ மெத்தையில் உட்காரலாமா என்று யோசித்து நின்றே பேசினார். நெய்க்காரப்பட்டிப் பக்கத்து விழாக் குழுச் செயலாளர் போன் செய்திருக்கிறார். வருஷா வருஷம் டீச்சரை அழைக்கிறவர். பழைய படம் வேண்டாம், புதிதாக ஒன்று அனுப்புங்கள் என்றாராம். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அதற்கு முன் ஓர் ஊரில் டீச்சர் பெயரை மட்டும் போட்டுப் படத்தை விட்டிருந்தார்கள். இன்னோர் ஊரில் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார்கள்.

"பொட்டு இல்லாம எடுத்திருங்கண்ணே. அம்மா சொல்லிவிட்டுச்சு" என்றார் ராசு. "மகன் போன வீட்டு மருமக, பொட்டோட ஊரெல்லாம் போர்டு வைப்பாளான்னு கேக்குது. அதுக்குத் தாங்காதுண்ணே."

டீச்சர் அவரைப் பார்த்து, "தம்பி, நீங்க போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்றார். அவர் போனதும் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சீப்பைத் தொடவில்லை.

"சார், எனக்கு ஒரு படம் வேணும். நான் பொட்டு வச்சிருக்கேனா, வைக்கலையான்னு பாக்குறவங்களுக்குத் தெரியக் கூடாது. முடியுமா?"

நான் புரியாமல் நின்றிருப்பேன் போல. அவரே விளக்கினார். பொட்டில்லாமல் எடுத்தால் விழாக்காரர்கள் மங்கல காரியம் என்று கழற்றிவிடுவார்கள். பொட்டோடு எடுத்தால் வீட்டில் இருக்க முடியாது. மகள் அந்த வீட்டில்தான் வளர்கிறாள். டீச்சர் பள்ளிக்கும் மேடைக்கும் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான். பள்ளிச் சம்பளம் வைத்து மகளைப் படிக்க வைக்க முடியாது, மேடையை விடவும் முடியாது. "மேடையில ஏறிட்டா நான் பாத்துக்குவேன் சார். மைக்கு கைக்கு வந்தப்புறம் ஒருத்தரும் நெத்தியப் பாக்க மாட்டாக. ஏறுறதுக்குத்தான் படம்."

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், வைத்துக்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அத நான் இன்னும் முடிவு பண்ணல சார். அதுக்குள்ள எல்லாரும் பண்ணிட்டாங்க."

சாரின் முதல் சட்டம் அங்கே படுத்துவிட்டது. இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டு பேர். ஒருவர் இருக்கிறது என்று நினைக்க வேண்டும், இன்னொருவர் இல்லை என்று நினைக்க வேண்டும். கேமராவை எந்த உயரத்தில் வைப்பது?

திருநீறு வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. சொல்வதற்கு முன் நானே விட்டுவிட்டேன். குங்குமமில்லாத திருநீறு, வெறும் நெற்றியைவிடச் சத்தமாகச் சேதி சொல்லிவிடும். லைட்டைப் பக்கவாட்டில் தள்ளி நெற்றியில் பாதியை நிழலாக்கிப் பார்த்தேன். கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார். முன்முடியைக் கொஞ்சம் இறக்கிவிடச் சொன்னேன். மாறுவேடப் போட்டி ஆகிவிட்டது. முகத்தைத் தூக்கச் சொன்னேன். நெற்றி சுருங்கியது நிஜம், ஆனால் மூக்குத் துவாரம் தலைமை தாங்கியது. டீச்சர் ஒவ்வொன்றையும் திரையில் பார்த்துவிட்டு, பரீட்சைத் தாளில் தவறை அடிக்கிற மாதிரி விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார்.

முடி பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தேன். புழுக்கத்தில் டீச்சருக்கு வியர்த்தது. பவுடர் பஞ்சை எடுத்து நீட்டினேன். கை பாதியில் நின்றது. அவர் நெற்றியின் நடுவில், புருவங்களுக்குச் சற்று மேலே, லைட் வெள்ளையாகப் பூத்திருந்தது. தோலும் இல்லை, நிறமும் இல்லை, ஒன்றுமே இல்லை.

பஞ்சைக் கீழே வைத்தேன். வெளிச்சத்தை மென்மையாக்க லைட்டுக்கு முன்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்தேன். லைட்டை அவருக்கு நேர் முன்னால் உயர்த்தி, அதன் வாயைச் சற்றுக் கீழே திருப்பினேன். திருவிழா மேடையில் பந்தல்காரர் கட்டுகிற விளக்கு இப்படித்தான் முகத்தில் அடிக்கும். மூக்கின் கீழும் கண்ணின் கீழும் விழுந்த நிழலை, மடியில் தெர்மாகோலை வைத்துக் கரைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஸ்டூலை விரல் அளவு விரல் அளவாக நகர்த்தினேன். திட்டு இடதுபுருவத்துக்கு ஓடும், வகிட்டுக்கு ஏறும். கடைசியில் இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அந்த வெளிச்சத்துக்குக் கீழே பொட்டு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

எல்லாம் தயார். வாய் தானாக, "சாப்டாச்சா டீச்சர்?" என்று கேட்டுவிட்டது. பழக்கதோஷம்.

அவர் லென்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேடை முடிஞ்சுதான் சாப்பிடுவோம். ரெண்டு பேரும்."

சொல்லி வாயை மூடினார். அழுத்தினேன்.

சிரிப்பும் இல்லை, துக்கமும் இல்லை. பேசி முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கிற முகம் என்று யாரும் நினைக்கலாம். ராசு திரும்பி வந்து திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இருக்கா, இல்லையாண்ணே?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். படத்தை ராசுவின் கைபேசியில் அவர் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். செயலாளர், "படம் அருமைங்க" என்று பதில் போட்டுவிட்டார்.

விழாவன்று நான் நெய்க்காரப்பட்டிக்கு பஸ் ஏறினேன். பட்டிமன்றம் கேட்க என்று வீட்டில் சொன்னேன். என் லைட்டிங்கைப் பார்க்கத்தான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஃப்ளெக்ஸ் தெரிந்தது. சாமி படம், எம்.எல்.ஏ. படம், நடுவர் படம், பிறகு டீச்சர். நெற்றி மழமழவென்று ஒரே நிறமாக இருந்தது. நடுவில், சிவப்பாக, எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு.

ஃப்ளெக்ஸின் அடியில் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டிருந்தார். அங்கேயே நின்று கூப்பிட்டேன்.

"ஆமாங்க, நான்தானுங்க டிசைன் பண்ணுனது" என்றார் பெருமையாக. "நெத்தியில ஒரே ஷைனிங்குங்க. எவனோ பவுடர்கூடப் போடாம எடுத்திருக்கறானுங்க. கிளீன் பண்ணுனேன். பாத்தா பொட்டு விட்டுப்போச்சு. நானே வெச்சுட்டேனுங்க. அம்மாவுக்கு அம்சமா இருக்குதுங்களா?"

செயலாளரைத் தேடிப் பிடித்தேன். புதிய படம் கேட்ட மனிதர். நிமிர்ந்து ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்லாத்தானுங்க இருக்குது? இதையெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க" என்றார். பந்தியில் இலை போதவில்லை என்று யாரோ கூப்பிட, போய்விட்டார்.

வேறு வழி தெரியாமல் ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நின்றேன். சற்று நேரத்தில் ராசுவின் வண்டி வந்தது. டீச்சர் இறங்கினார். நெற்றி வெறுமையாக இருந்தது. நான் எதையோ விளக்கத் தொடங்கினேன். இரண்டு பேருமே கேட்கவில்லை. ராசு வண்டியை நிறுத்தக்கூட மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே மேலே பார்த்தார். கத்தப்போகிறார், கிழிக்கப்போகிறார், குறைந்தபட்சம் என்னையாவது அடிக்கப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"இந்த ஊருக்கு மட்டும் எங்கண்ணன் இன்னும் சாகல போல" என்றார்.

டீச்சர் அவர் முதுகில் கை வைத்தார். "அது நான் வச்சதில்ல தம்பி. அதனால நான் எடுக்கவும் மாட்டேன். வாங்க, நேரமாச்சு."

குடும்பத்துக்கு நிம்மதி தருவது பேச்சா, மௌனமா என்பது தலைப்பு. டீச்சர் மௌனத்தின் பக்கம். மௌனத்துக்காக அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். முதலில் முன்வரிசைப் பெண்கள் அவரைப் பார்த்தார்கள், திரும்பிப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். டீச்சர் அதைக் கவனித்தார். அதை வைத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அதிர்ந்திருக்கும். சொல்லவில்லை. மாமியார் பேசாமலிருந்தால் என்ன அர்த்தம் என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்கள் ஃப்ளெக்ஸை மறந்துவிட்டார்கள். மேடையில் ஏறிவிட்டால் பார்த்துக்கொள்வேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை.

ராசு நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டத்தின் கடைசியில் நின்றார். அண்ணன் நிற்கிற இடம் அது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

முடிந்ததும் டீச்சர் மேடையிலிருந்து நேராக அவரிடம் வந்து, "சாப்டலாமா தம்பி?" என்றார். மூன்று பேரும் பந்தியில் உட்கார்ந்தோம். செயலாளர் வந்து தண்ணீர் வைத்தார். அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு, "படம் புதுசா வேண்டாமுங்க. இதையே போட்டுக்கறமுங்க" என்றார். டீச்சர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சரி என்றார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

அதற்குப் பின் டீச்சர் பல மேடைகள் ஏறினார். ஒவ்வோர் ஊர் ஃப்ளெக்ஸிலும் அந்தப் படம் ஒவ்வொரு மாதிரி வந்தது. சில இடங்களில் பொட்டு, சில இடங்களில் என் வெள்ளைத் திட்டு, ஓர் ஊரில் சந்தனம். நேரில் அவர் என்ன முடிவு செய்தார் என்பது அவர் விஷயம். நான் எழுதப்போவதில்லை.

நான் எடுத்த அசல் படத்தை ஒரு பிரிண்ட் போட்டு, சவரிமுத்து சார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வயதாகிவிட்டது. ஒரு கண் அநேகமாக இல்லை. டீச்சர் கேட்டது, நிழல் போட்டது, துணியை அவிழ்த்தது, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் சொன்னது, ராசு சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னேன். வேண்டுமென்றே அந்த வெளிச்சத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன் என்பதை இரண்டு முறை சொன்னேன். ராசு சொன்னதைக் கேட்டபோது மட்டும் சார் தலை குனிந்துகொண்டார்.

பிறகு படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். என் வாழ்நாளில் அவரிடமிருந்து வராத ஒரு சொல் இப்போது வரும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"எல்லாம் சரி அப்பு" என்றார். "நெத்தி மின்னுதே, பவுடர் போடலையா?"